விமான நிலையத்தில் செல்லாயி எடுத்த பெரட்டு

என் தங்கை செல்லாயி தோற்க வேண்டிய இடங்களில் வென்றவை இவை.

1983-இல், பத்தொன்பது வயதில், கோப்பெங் வட்டாரத் தோட்டங்களுக்கு இடையே நடந்த பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், போட்டியில் இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக நின்று முதல் பரிசு வென்றாள். பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். இன்றும் ஓடுகிறது, நாளுக்கு நான்கு நிமிடம் முந்தும். 1998-இல் தோட்டத்தை விற்றுவிட்டு தொழிலாளர் வீடுகளான லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் மூட்டை கட்டியபோது அவள் அடுப்பை அணைக்கவில்லை. மூன்று வருடம் நகராமல் இருந்து, கடைசியில் பதினோரு குடும்பங்களுக்கு ஈப்போவை ஒட்டிய குனோங் ராப்பாட்டில் வீடு கிடைக்கச் செய்தாள். 2011-இல், நாற்பத்தேழு வயதில், மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுத்தாள். ஓட்டிக் காட்டுவதில் மூன்று முறை விழுந்து நான்காம் முறை தேறினாள். கேள்விகளைக் காதால் கேட்டு வாயால் பதில் சொல்லும் தேர்வில் மட்டும் முதல் முறையே ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. டெங்கி காய்ச்சலையும் ஒருமுறை வென்றிருக்கிறாள், ஆனால் அதை அவள் கணக்கில் சேர்க்கமாட்டாள். படுத்துக் கிடந்ததற்கெல்லாம் பரிசா என்பாள்.

பரிசு வாங்கிய புத்தகத்திலும், வீட்டுப் பத்திரத்திலும், லைசன்ஸ் பாரத்திலும் அவள் பெயருக்கு நேரே இருப்பது கட்டைவிரல் ரேகை. நான் ஆண்பிள்ளை என்பதால் என்னை ஆறாம் வகுப்பு வரை அனுப்பினார்கள். அவளை இரண்டாம் வகுப்பின் மூன்றாம் மாதத்தில் நிறுத்தி, தொட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். இதற்காக அவள் என்னை ஒருமுறைகூடக் குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

2019 மே மாதக் கடைசியில் அவள் மகள் தினேஸ்வரி சிங்கப்பூரிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். இளங்கீரன் என்ற பையனை விரும்பி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்திருந்தாள்.

"அம்மா, பொண்ணு வீட்டு சாட்சி நீதான். அப்பாவை வைக்கலன்னு அவருகிட்ட சொல்லிராத."

"எனக்கு எழுத வராதேடி."

"ரேகை வச்சாப் போதும்மா. கேட்டுட்டேன்."

செல்லாயி சொன்னாள்: "நீ பள்ளிக்கூடம் சேர்ந்ததுலேருந்து நர்சு படிக்கப் போனது வரைக்கும் எல்லாத் தாளுலயும் என் வெரலுதான் இருக்கு. இந்த ஒண்ணுல பேரு இருக்கட்டும்."

மறுநாள் மருமகள் கலாதேவியிடம் ஒரு தாளில் தன் பெயரை எழுதித் தரச் சொன்னாள். பிறகு தினமும் காலையில், உலையில் அரிசி கொதிக்கும் நேரத்தில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதைப் பார்த்து எழுதினாள். நாளுக்கு ஒரு தாள். நாற்பத்தோரு தாள்களை நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். முதல் தாளில் எழுத்துகள் கூரையில் காயும் நெத்திலியைப் போல் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. முப்பதாம் தாளில் 'செல்லா' நேராக நின்றுவிட்டது. கடைசி 'யி' மட்டும் நாற்பத்தோராம் தாள்வரை முரண்டு பிடித்தது.

திருமணம் ஜூலை 13, சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு. வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கு வேலை இருந்ததால், சனிக்கிழமை காலை 10.40-க்கு ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்துக்குத் தினேஸ்வரியே டிக்கெட் எடுத்திருந்தாள். செல்லாயி, அவள் கணவர் சீனி, மகன் மகேந்திரன், கலாதேவி, அவர்களுடைய ஐந்து வயது மகள் துர்ஷினி, நான். ஆறு பேரில் மகேந்திரன் ஒருவன்தான் முன்பு விமானம் ஏறியவன். முதல் நாள் எங்களுக்குப் பாடம் நடத்தினான். பெல்ட் எப்படிப் போடுவது, போனை விமானப் பயண நிலைக்கு எப்படி மாற்றுவது என்று காட்டினான். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அன்று காலை 7.05-க்கு மழை பிடித்தது. மேற்கிலிருந்து காற்று முதலில் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. 8.20-க்கு விமான நிலையத்தில் இறங்கியபோது எதிரே இருக்கும் சுண்ணாம்பு மலைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. பெரிய பெட்டிகளைக் கொடுத்துவிட்டு ஏறும் சீட்டுகளை வாங்கிக்கொண்டோம். 9.20-க்கு அறிவிப்புப் பலகையில் எங்கள் நேரம் 12.15 என்று மாறியது. 10.05-க்கு 2.30 என்று மாறியது. சிங்கப்பூரிலும் மழை. எங்களை ஏற்றிப் போக வேண்டிய விமானம் அங்கிருந்தே இன்னும் கிளம்பவில்லை.

இரண்டரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்குத் தரை இறங்கலாம். வரிசையில் நின்று வெளியே வர ஐந்தாகும். கலாதேவி தினேஸ்வரிக்குப் போன் போட்டாள். திருமணத்தைப் பதிய வருகிற பெரியவருக்கு ஆறு மணிக்கு வேறொரு திருமணம் இருக்கிறதாம். ஐந்தேகால்வரை இருப்பார், அதற்குமேல் முடியாதாம். தாமதமானால் தினேஸ்வரியுடன் வேலை செய்யும் சிவாஜினி சாட்சிக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். தைப்பிங்கில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண், நல்ல பிள்ளை. திருமணம் நிற்காது. செல்லாயியின் பெயர்தான் அதில் இருக்காது.

மகேந்திரன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். "காடியில போயிரலாம்மா. இப்பக் கெளம்புனா அடிச்சிப் பிடிச்சிப் போலாம்லா."

"சனிக்கிழமைல. சிங்கப்பூருக்குள்ள நுழையற ஜொகூர் பாலத்துல எத்தனை மணி நேரம் நிப்ப?" என்றாள் செல்லாயி.

"ஒரு மணி நேரம். ரெண்டு."

"மூணுன்னு வையி. ஏழு மணிக்குப் போயி யாருக்குக் கையெழுத்துப் போடுறது, பாலத்துக்கா?"

சீனி மச்சான் சிரித்துவிட்டார். அவருக்கும் ஒரு யோசனை இருந்தது. "வீடு பத்து நிமிசம். போயி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, ஒரு மணிக்கு வந்தா என்ன? இங்க குந்திக்கிட்டு எதுக்கு?"

சுற்றிலும் பார்த்தேன். அந்தக் கூடத்தில் பாதிப்பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஊருக்குள்ளேயே விமான நிலையம் இருந்தால் அதுதான் வசதி.

செல்லாயி கண்ணாடிக் கதவுவரை போய் வானத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "காத்து முன்னால வந்து விடியக்காலயில பிடிச்ச மழை இது. கடல் பக்கத்து மழை. பதினொண்ணுக்குள்ள ஒடிஞ்சிரும். மலைப் பக்கத்து மழைன்னா நானே வீட்டுக்குப் போகச் சொல்லிருவேன். யாரும் நகரக் கூடாது."

"போர்டுல ரெண்டரைன்னு போட்ருக்கே அத்தை."

"போர்டுல போட்டவங்க மரம் வெட்டுனவங்களா?"

தோட்டத்தில் மழை நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு அவள் பேச்சு விளங்கும். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, எல்லோரும் போய் நிற்போம். மழை பெய்தால் கொட்டகையில் காத்திருப்போம். வேலை வாங்கும் தண்டல் வந்து இன்றைக்கு வேலை இருக்காது போலிருக்கிறது என்பார். அதைக் கேட்டதும் பாதிப்பேர் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வெயில் அடிக்கும். மறுபடி பேர் கூப்பிடுவார்கள். நின்றவர்களுக்கு மரம் கிடைக்கும். ஓடிவந்தவர்களுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது அரை நாள்தான். இருபது வருடத்தில் செல்லாயிக்கு மழையால் ஒரு அரைப்பேர்கூட விழுந்ததில்லை. தோட்டத்துப் பதிவுப் புத்தகத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வழக்கத்தை அவள் அப்படியே விமான நிலையத்துக்குள் கொண்டுவந்தாள். ஆறு பாஸ்போர்ட்டும் அவள் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. அரை மணிக்கு ஒருமுறை பெரட்டு: பேர் சொல்லிக் கூப்பிடுவாள், பதில் சொல்ல வேண்டும். பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஒருவர் போய்க் கவுண்டரில் கேட்டு வர வேண்டும், எல்லோரும் கும்பலாகப் போகக் கூடாது. சேதி வருவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும். நல்ல சேதி வந்தால் சாப்பிட நேரமிருக்காது, கெட்ட சேதி வந்தால் சாப்பாடு இறங்காது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். துர்ஷினிக்கு ஒரு பொறுப்பு கொடுத்தாள்: கண்ணாடிச் சுவர் ஓரம் நின்று, மலை எப்போது தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு மணி நேரம் அழவில்லை.

பிறகு செல்லாயி கழிவறைக்குப் போய்ப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மயில் கழுத்து நிறம். பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் எடுத்து வந்திருந்தாள்.

சீனி மச்சான் அசந்துபோனார். "இப்பவேவா? ஏரோப்ளேனைக் கட்டிக்கப் போறியா?"

"மழை விட்டப்புறம் சாக்கு கட்டுறவளுக்கு நல்ல நெரை கெடைக்காது" என்றாள் அவள். வேலைக்குப் போகும்போது உடுப்பின்மேல் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வோம்; மர வரிசையை நெரை என்போம். "அங்க போயி மாத்துறதுக்கு எங்க நேரம்?"

இனி நான் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை இல்லை. 10.40-க்குச் சீனி மச்சான் என் காதில் சொன்னார்: "மச்சான், அடுக்களை ஜன்னலைச் சாத்தலை. அடிக்கிற காத்துக்கு அரிசி மூட்டை நனைஞ்சிரும். டக்குனு போயிட்டு வந்துரலாம். பெரட்டுக்கு இருபது நிமிசம் இருக்கு." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மகேந்திரனின் காடிச் சாவி பையின் மேலேயே கிடந்தது. செல்லாயி கழுத்துச் சங்கிலியைச் சரி செய்துகொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று நினைத்தோம்.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அரிசி மூட்டையும் நனையவில்லை. மச்சான் சாய்வு நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருகிறேன் என்றார். நானும் உட்கார்ந்தேன். காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு. அவர் குறட்டை விட்டது எனக்குத் தெரியும். நான் விட்டதை அவர் சொல்லித்தான் தெரியும்.

11.00 மணிப் பெரட்டில் இரண்டு பேர் இல்லை. 11.05-க்குத் துர்ஷினி மலை தெரிகிறது என்று கத்தினாள். 11.10-க்குக் கலாதேவி கவுண்டரிலிருந்து ஓடி வந்தாள். சிங்கப்பூர் விமானம் கிளம்பிவிட்டது. எங்கள் நேரம் 2.30-லிருந்து 12.50-க்கு முந்திவிட்டது. பன்னிரண்டரைக்குக் கதவை மூடிவிடுவார்கள்.

மகேந்திரன் அப்பாவுக்குப் போன் போட்டான். அது அவன் காலடியிலேயே, சார்ஜ் போட்ட இடத்தில் அடித்தது. எனக்குப் போட்டான். போகவில்லை. ஏனென்றால் விமானப் பயண நிலைக்குப் போனை மாற்ற மறந்துவிடக் கூடாது என்று, காலை 8.20-க்கு விமான நிலையத்தைக் கண்ணால் பார்த்ததுமே நான் மாற்றிவிட்டிருந்தேன்.

"போச்சு" என்று மகேந்திரன் தலையில் கை வைத்தான். "காடியும் அவங்ககிட்ட. இப்பப் போயி யாரு கூட்டிட்டு வர்றது?"

"மாயாண்டி கெளம்பிட்டான்" என்றாள் செல்லாயி.

மாயாண்டி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், காய்கறி வேன் ஓட்டுகிறவர். நாங்கள் இருவரும் நழுவியதைச் செல்லாயி பார்த்திருக்கிறாள். தடுத்தால் மச்சான் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்காருவார், கல்யாண நாளில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டு, அப்போதே மாயாண்டிக்குப் போன் போட்டுச் சொல்லி வைத்திருக்கிறாள். "தம்பி, ரெண்டு பெருசு வீட்டுக்கு வருது. படுத்துரும். பதினொண்ணு அடிச்சதும் நான் கூப்பிடலன்னாலும் கேட்டைத் தட்டு."

மாயாண்டி கேட்டைத் தட்டவில்லை. வேலி ஏறிக் குதித்து ஜன்னல் வழியே கத்தினார்: "அண்ணே! ஏரோப்ளேன் வந்துருச்சு! அக்கா கத்தியைத் தீட்டிக்கிட்டு நிக்குது!" குனோங் ராப்பாட் முச்சந்தியில் முழங்கால் தண்ணீர். மகேந்திரனின் சின்னக் காடி அதில் போகாது என்று, வேனின் பின்புறம் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் எங்களை உட்கார வைத்து ஓட்டினார். 11.52-க்கு இறங்கினோம். மச்சானின் சட்டைக் காலரில் ஒரு புதினா இலை ஒட்டியிருந்தது.

செல்லாயி எங்களைத் திட்டவில்லை. இடுப்புப் பையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். "ரெண்டு பேருக்கும் அரைப்பேருதான்" என்றாள். மச்சான் காலரிலிருந்த புதினா இலையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

12.58-க்கு விமானம் மேலே ஏறியது. உள்ளே பதினேழு இருக்கைகள் காலி. வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு மாயாண்டி இல்லை.

சிங்கப்பூருக்கு மேலேயும் மேகம். இருபத்தைந்து நிமிடம் வட்டமடித்து 2.50-க்கு இறங்கினோம். விமானத்தில் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். நாட்டுக்குள் நுழைகிறவர்கள் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய அட்டை. கலாதேவி எல்லோருடையதையும் நிரப்பினாள். செல்லாயி பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடாமல், கட்டைவிரலில் மையைத் தேய்த்து ஒற்றிவிட்டாள்.

"அத்தை, இங்கயே எழுதிப் பாக்கலாம்லா. ஒரு பழக்கமா இருக்கும்."

"பழகுனது காலண்டருல போதும்."

குடிநுழைவு மேசையில் இருந்த அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கையெழுத்து போடத் தெரியாதாம்மா?"

"தெரியும். ஆனா மொதக் கையெழுத்து எம்மவளுக்கு. நாலரைக்குக் கல்யாணம். இங்க போட்டுட்டா அது ரெண்டாவதாயிரும்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் இயந்திரத்தின் மேல் வைக்கச் சொன்னார். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை. ஈரத்துணி கொடுத்தார்கள். நான்கு முறை ஆயிற்று. இருபது வருடம் வெட்டுக்கத்தி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பால் உறைய ஊற்றும் அமிலத்தில் மிச்சமும் போயிருந்தது. அதுவரை எத்தனையோ தாள்களில் அவளாக நின்ற விரல், அன்றைக்கு அவளைத் தெரியாது என்றது. மேலதிகாரி வந்து, முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்பது நிமிடம் கழித்து விட்டார்.

"ஓடுங்கம்மா" என்றார் அந்தப் பெண்.

அவள் ஓடவில்லை. பெட்டிகள் வரும் இடத்தில் நின்று ஒரு பெரட்டு எடுத்தாள். ஐந்து பேரும் பதில் சொன்ன பிறகுதான் பெட்டிகள் பக்கம் திரும்பினாள். மகேந்திரனையும் என்னையும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொல்லியிருக்கலாம். ஆனால், "எல்லாரும் ஒண்ணாத்தான் போறோம், பெட்டி அஞ்சு நிமிசத்துல வரும்" என்றாள். ஆறு நிமிடத்தில் வந்தது. 4.08-க்கு இரண்டு டாக்சிகளில் ஏறினோம். மழைக்குப் பிறகான நெரிசலில் சாலை ஊர்ந்தது. நாலரை ஆனபோது நாங்கள் இன்னும் பாதி வழியில் இருந்தோம். டாக்சிக்குள் அவள் மடியில் வைத்த வலது கையின் சுட்டுவிரல் பட்டின்மேல் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பார்த்தேன். 'யி' எழுதிக்கொண்டிருந்தாள். மேலே போகும் சுழியை மட்டும், திரும்பத் திரும்ப.

சிராங்கூன் பக்கம் ஒரு சைவ உணவகத்தின் மாடியில் அறை. 4.52-க்குக் கதவைத் திறந்தோம். பதிவு செய்யும் பெரியவர் கண்ணாடியை மாட்டியிருந்தார். தினேஸ்வரி, இளங்கீரன், இளங்கீரனின் தகப்பனார், நாலாவது நாற்காலியில் சிவாஜினி. முதலில் எழுந்தவள் சிவாஜினிதான். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, "வாங்கோ அம்மா, உங்கட இடம்" என்றாள்.

தினேஸ்வரி தாயை ஏற இறங்கப் பார்த்தாள். மற்ற ஐந்து பேரும் கசங்கிப் போய் நிற்க, பட்டுச் சேலையில் மடிப்புக் கலையாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

"அம்மா, ஆறு மணி நேரம் ஏர்போர்ட்டுல கெடந்த மாதிரியே இல்லயே!"

"கெடந்தவங்க அவங்க" என்று எங்கள் இருவர் பக்கம் கையைக் காட்டினாள். "நான் நின்னுக்கிட்டுருந்தேன்."

பெரியவர் வாசிக்க வேண்டியதை வாசித்தார். மணமக்கள் சம்மதம் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். இளங்கீரனின் தகப்பனார் ஒரே இழுப்பில் போட்டார். தாள் செல்லாயி பக்கம் திரும்பியது. பெரியவர் அவள் பாஸ்போர்ட்டில் இருந்த ரேகையைப் பார்த்துவிட்டு, மேசையின் ஓரத்திலிருந்து மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார். அவள் அதைப் புறங்கையால் மெதுவாகத் திருப்பித் தள்ளினாள்.

பேனாவை அவள் பிடித்தது எழுதுகிறவர்கள் பிடிக்கிற மாதிரி இல்லை. கத்தி பிடிக்கிற மாதிரி. பட்டை கிழியாமல், மரத்துக்குக் காயம் படாமல், தேவையான ஆழத்துக்கு மட்டும் இறக்குகிற பிடி அது. 'செ' வந்தது. 'ல்' வந்தது. 'லா' வந்தது. அங்கே நிறுத்தி ஒருமுறை மூச்சு விட்டாள். துர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். 'யி'யின் சுழி மேலே போய், வளைந்து, நின்றது. நாற்பத்தோரு தாளில் ஒன்றில்கூட அது அத்தனை ஒழுங்காக வந்ததில்லை.

முழுதாக ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னைத்தான் பார்த்தாள். "அண்ணே, மணி குறிச்சியா?" என்று கேட்டாள்.

குறித்தேன்.

செல்லாயி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 ஜூலை 13, சனிக்கிழமை, மாலை மணி 5.04.